காது வாத்தியாரின் முந்தைய நோயாளிகள்

ஜவ்வாது மலையில் காது வாத்தியாரின் கை படாத காது ஒன்றும் கிடையாது. ரேஞ்சர் காது, சமையல்காரர் காது, பஸ் கண்டக்டர் காது, எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்திருக்கிறார். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

நான் காட்டிலாகாவில் வாட்சர். எழுபதுகளின் கடைசியில் ஜமுனாமரத்தூருக்கு மேலே ஒரு முகாமில் இருந்தேன். சந்தன மரங்களுக்குக் காவல். காவல் என்றால் நடப்பது. விடிந்ததும் கிளம்பினால் பொழுது சாயும்வரை நடை. அடிபட்டால் டாக்டர் மலைக்கு வரமாட்டார், நாங்கள்தான் இறங்க வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, மூன்று நாள், முதலுதவி சொல்லிக்கொடுக்க ஒருவரை அனுப்பினார்கள். அவர்தான் இவர்.

எனக்கு அந்த வகுப்பு பிடிக்கும். மூன்று நாள் உட்காரலாம்.

பஸ்ஸிலிருந்து முதலில் ஒரு தகரப்பெட்டி இறங்கும். முக்கால்வாசி பஞ்சு. பிறகு அவர் இறங்குவார். காக்கி அரைக்கால் சட்டை, பட்டாளத்து மீசை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வராது. நேராகக் காதைப் பிடிப்பார்.

"அடிபட்டவன் கிட்ட போனா மொதல்ல இன்னா பாக்கணும்?"

"காதுங்க."

"காது சில்லுனு இருந்தா?"

"ஆளு மோசம்ங்க."

"அப்புறம்?"

"உதட்டத் தூக்கி ஈறு அமுக்கிப் பாக்கணும்ங்க."

இரண்டாம் பாடம் எங்கே நிற்பது என்பது. "பின்னாடி போய் நிக்காதீங்கய்யா. உதைப்பான்."

காளி என்கிற வாட்சருக்கு எதிலும் சந்தேகம். "கால் ஒடிஞ்சவன் எப்படிங்க உதைப்பான்?"

"மீதி காலுங்கல்லாம் இருக்குல்ல?"

காளி குனிந்து தன் கால்களை எண்ணிப் பார்த்தான்.

மூன்று நாளும் நோயாளி நான்தான். "நீ படு அந்தோணி. நீதான் பேசாம கிடப்ப" என்பார். படுப்பேன். கழுத்தில் தட்டிக்கொடுப்பார். தாடையைத் தூக்கி, வாயோரத்தில் பாட்டிலைச் செருகி மருந்து என்று தண்ணீர் ஊற்றுவார். ஒரு வருடம் எனக்குப் புரையேறிக் கண் செருகிவிட்டது. அதையும் விடவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு என் ஈறைக் காட்டினார்.

இதற்கு முன் அவர் என்னவாக இருந்தார் என்பதில் முகாமில் தினம் சண்டை. பட்டாளத்து டாக்டர் என்றான் காளி. இந்தக் கை நாவிதர் கை என்றான் சின்னப்பன், இன்னொரு வாட்சர். அவரிடமே கேட்டால் ஒரே பதில்தான்.

"பட்டாளத்துல கட்டு கட்டினேன்."

"எத்தினி பேருக்குங்க?"

"எண்ணல. வரிசையா நிப்பாங்க. ஒருத்தரும் வாய் தொறந்து இன்னா வலின்னு சொல்ல மாட்டாங்க."

பட்டாளத்துக்காரர்களின் பொறுமையை நினைத்து மலைத்துப்போனோம்.

மூன்றாம் வருடம், இரண்டாம் நாள். ஒடிந்த காலுக்கு வைத்துக் கட்ட மூங்கில் பத்தை வெட்டி வரச் சொன்னார். ஓடைப்பக்கம் போய் வெட்டிக்கொண்டு திரும்பினேன். பாறை ஈரம். சறுக்கினேன். முழங்காலுக்குக் கீழே எலும்பு ஒடிந்து பாதம் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. கத்தவில்லை. கத்தினாலும் ரோடு அதே தூரத்தில்தான் இருக்கும்.

நான் தினக்கூலி வாட்சர். நடக்காத வாட்சரை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வேறு வேலை தெரியாது. படுத்தபடி யோசித்தது அது ஒன்றுதான்.

பத்தை வராததால் என்னைத் தேடி வாத்தியார் ஓடி வந்தார். காதைப் பிடித்தார். தகரப்பெட்டிப் பஞ்சு மொத்தத்தையும் என் காலில் சுற்றினார். சுற்றி, இறுக்கி, மறுபடி சுற்றினார். தலையணை பருமன் ஆனது. நான் வெட்டிய பத்தையையே எனக்கு வைத்துக் கட்டினார். கம்பளியில் இரண்டு கழி செருகித் தூக்கினார்கள். முன்னால் சின்னப்பன், பின்னால் காளி. ரோட்டுக்கு ஆறு மைல். பக்கத்தில் வாத்தியார், என் காதை விடாமல்.

"சோ... சோ... அவ்ளோதான் ராஜா, அவ்ளோதான்" என்றபடியே வந்தார்.

காளிக்குப் பொறுக்கவில்லை. "வாத்தியாரே, உண்மைய சொல்லுங்க. பட்டாளத்துல யாருக்குக் கட்டு கட்டினீங்க?"

வாத்தியார் என் காதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார்.

"கோவேறு கழுதைக்கு."

கம்பளி நின்றுவிட்டது.

"காட்டிலாகாவுல, காயத்துக்குக் கட்டு கட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னேன். யாருக்குன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

"அப்போ மனுசனுக்கு?"

"அந்தோணிதான் மொதல்."

எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. "வாத்தியாரே, கழுதைக்குக் கால் ஒடிஞ்சா இன்னா பண்ணுவீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சுட்டுடுவாங்க."

சின்னப்பன்தான் முதலில் சிரித்தான். பிறகு காளி. கம்பளி குலுங்கியது. "டேய், சிரிக்காதீங்கடா, உயிர் போவுது" என்றேன். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாத்தியார் சிரிக்கவில்லை. "ஒண்ண மட்டும் சுட வுடல நான். கொட்டாய்க்குப் பின்னால கட்டிவெச்சு, கையில வெல்லம் குடுத்து பதினோரு நாள் பாத்தேன். பெரிய ஆபீசர் கண்டுபுடிச்சுட்டாரு. அதுக்குத்தான் என்ன வூட்டுக்கு அனுப்புனாங்க."

"அது நடந்துச்சா?" என்றேன்.

"நான் கெளம்பும்போது நின்னுச்சு. நடந்துச்சான்னு தெரியாது."

ரோட்டில் ஒரு மூங்கில் லாரி கிடைத்தது.

திருப்பத்தூரில் டாக்டர் கட்டைப் பார்த்தார். என் கால் கட்டைவிரலை அழுத்தினார். "யாருப்பா கட்டினது? இவ்ளோ பஞ்சா?" வாத்தியார் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "நல்லா கட்டியிருக்காரு. ரத்த ஓட்டம் இருக்கு. கால் தப்பிச்சுது. நடை எப்படின்னு மாவுக்கட்டு பிரிச்சாதான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

பிரித்தது மூன்று மாதம் கழித்து. யாரும் அவருக்குத் தேதி சொல்லவில்லை. எப்படியோ விசாரித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாக் கோடியில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தார்.

நடந்தேன். முதல் அடி கோணல். இரண்டாவதும் கோணல். அடுத்த நாலு அடி பரவாயில்லை. சுவரைப் பிடிக்காமல் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

மீசைக்கு மேலே முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். ஒரு கட்டி வெல்லம். உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வைத்து, என் வாய்க்கு நேராக நீட்டினார்.

வராந்தா முழுக்க ஆட்கள். நான் குனிந்து அவர் கையிலிருந்தே தின்றேன்.