பச்சைக் கட்டமும் பசித்த மாமனாரும்

உயிரோடு இருப்பதும் வேலை செய்வதும் ஒன்றல்ல. ஏதாவதொரு ஆபீஸ் கவுண்ட்டர் முன்னால் கால் கடுக்க நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கம்ப்யூட்டர் படித்த எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. தெரிந்துகொண்ட நாளில், என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. சேலத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஏற்காடு ஏரிக்கு மேலே இருந்த ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். என் அத்தாவுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பளிக் கடை. ஸ்வெட்டர் வாங்க வரும் டூரிஸ்டுகளிடம் எல்லாம் “எம்பையன் ஜாஃபர் கம்ப்யூட்டர் இன்ஜினீயருங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். (நான் இன்ஜினீயர் இல்லை. ஸ்வெட்டரும் அசல் கம்பளி இல்லை. அத்தாவுக்கு இரண்டிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.)

லாட்ஜ், யாரோ ஒரு வெள்ளைக்காரர் கட்டிய பழைய பங்களா. துரைக்குச் சமையல் வாசனை ஆகாது போலிருக்கிறது. சாப்பாட்டு ஹாலை மேட்டில் கட்டி, சமையல்கட்டைச் சரிவில் கீழே தள்ளியிருந்தார். நடுவில் பாசி பிடித்த கல்படிகள். சர்வர்கள் மேலேயிருந்து ஆர்டரைக் கத்துவார்கள். ஒரு மேஜை கேட்டது இன்னொரு மேஜைக்கு வந்து சேரும்.

இந்தக் கத்தலையெல்லாம் ஒழிக்க வந்தவன் நான். ரிசப்ஷனில் ஒரு கம்ப்யூட்டர், ஹாலில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று. சில்வர் ஓக் மரங்களில் கட்டி இழுத்த கேபிளால் மூன்றையும் இணைத்தேன். ஹாலில் ஆர்டரைத் தட்டினால், கீழேயிருக்கும் கம்ப்யூட்டரில் திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் அதை வாங்கி, பிரிண்டரில் சீட்டாக அடித்துத் தரும். சமைத்து முடித்ததும் மாஸ்டர் மணியடிப்பார். சர்வர் இறங்கிப் போய் எடுத்து வருவார். சட்டம் வேறு போட்டேன்: சீட்டு இல்லாமல் அடுப்பில் சட்டி ஏறக் கூடாது, மணியடிக்காமல் யாரும் கீழே இறங்கக் கூடாது. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம் சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிடும். அதனால் அதைக் கண்காணிக்க இன்னொரு புரோகிராம் எழுதினேன். எஸ்டேட்டில் ஆள் வேலைக்கு நிற்கிறதா என்று பார்ப்பவரின் நினைவாக அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை அது ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிட்டு, ‘உன்னிடம் ஓட வேண்டிய புரோகிராம் ஓடுகிறதா?’ என்று கேட்கும். ஓடுகிறது என்று பதில் வந்தால் ரிசப்ஷன் திரையில் பச்சைக் கட்டம். வராவிட்டால் சிவப்பு. மூன்று பச்சைக் கட்டங்களையும் பார்த்தபடி, ஊரையே நான்தான் நடத்துகிறேன் என்ற நினைப்பில் உட்கார்ந்திருப்பேன்.

சமையல் மாஸ்டர் பழனியப்பன் மலையிலேயே இருக்கும் வாழவந்தி கிராமத்துக்காரர். கங்காணியைக் காட்டியபோது அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

“ஏனுங்க சாமி, நான் சமைக்கறனா, சும்மா குந்தியிருக்கறனான்னும் இது பாக்குமுங்களா?”

“அதெல்லாம் பாக்காதுங்க மாஸ்டர்.”

“அப்பச் சரிங்க” என்று நிம்மதியாக இறங்கிப் போனார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த ஐப்பசியில்தான் ஃபரீதாவின் சம்பந்தம் வந்தது. சேலத்தில் மண்டி வைத்திருந்த கரீம் மாமாவின் மகள். அம்மாவும் அக்காவும் போய்ப் பார்த்துவிட்டு போட்டோவோடு வந்தார்கள். அதற்கு முன்னால் வந்த சம்பந்தங்கள், “கம்ப்யூட்டருன்னா டைப் அடிக்கற வேலைங்களா?” என்ற கேள்வியோடு நின்றுபோயிருந்தன. அப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்த போட்டோவைப் பார்த்த பிறகு, இதுவும் நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயம் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்வதில் என்ன, நான் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன்.

கரீம் மாமாவும் பெண்ணின் தாய்மாமனும் மாப்பிள்ளையை விசாரிக்க மலையேறி வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தா ஒரு யோசனை சொன்னார். “உன்ற லாட்ஜுலயே சாப்புட வெச்சரலாம் கண்ணு. நீ பாக்கற வேலையும் அவங்க கண்ணுல படும்.” (கோழி எங்கள் பாய் கடையிலிருந்துதான் லாட்ஜுக்குப் போகிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.)

அன்று மழை. பனிமூட்டம் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் சமையல்கட்டுப் புகையையாவது பார்த்திருக்கலாம். அன்றைக்குப் பக்கத்து மரம்கூடத் தெரியவில்லை. ஹாலில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நானே கீபோர்டு முன்னால் உட்கார்ந்து பிரியாணி, பரோட்டா, சில்லி சிக்கன் என்று தட்டினேன். கடைசி பட்டனைக் கொஞ்சம் கையை ஓங்கியே தட்டினேன்.

“அவ்வளவுதானுங்க மாமா. இந்நேரம் கீழ சீட்டு அடிச்சிருக்கும்.”

“யாரும் எந்திரிச்சே போவ வேண்டியதில்லீங்களா?” என்று கரீம் மாமா வியந்தார். அத்தா என்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காத்திருந்தோம். மணி அடிக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம், மிளகு விலையைப் பற்றிப் பேசினோம், மறுபடியும் மழைக்கு வந்தோம். நான் ரிசப்ஷனுக்கு ஓடிப் பார்த்தேன். பச்சை. சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று அதே ஆர்டரை மறுபடி அனுப்பினேன். இன்னும் கொஞ்ச நேரம் போனது. மறுபடி ஓடினேன். பச்சை. மறுபடி அனுப்பினேன். இப்படி எத்தனை தடவை என்று எனக்கு நினைவில்லை. மாஸ்டருக்கு நினைவிருக்கும்.

“ஏனுங்க தம்பி, கோழி இனிமேத்தான் முட்டைய உட்டு வெளிய வரோணுமுங்களா?” என்றார் தாய்மாமன்.

சர்வர் பையன் மெதுவாக வந்து, “நான் வேணா எறங்கிப் போயி ஒரு பார்வை பாத்துட்டு வரட்டுங்களா?” என்று கேட்டான்.

“மணியடிக்காம யாரும் எறங்கக் கூடாது. கங்காணி பச்சை காட்டுது பாரு” என்று அவனை அதட்டினேன். (இந்த இடத்தை ஃபரீதா சொல்லும்போது என் குரலிலேயே சொல்வாள். அச்சு அசலாக இருக்கும்.)

அப்போதுதான் கவனித்தேன். கரீம் மாமா மேஜைமேல் இருந்த சர்க்கரைக் கிண்ணத்தை இழுத்து, யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டார். கை நடுங்கியது, நெற்றி வேர்த்திருந்தது. “ஒண்ணுமில்லீங்க தம்பி, சுகரு. நேரத்துக்குச் சாப்புடலீன்னா எறங்கிரும். நான் நல்லாத்தான் இருக்கறனுங்க” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு சம்பந்தம், சட்டம், கங்காணி எல்லாம் மறந்துவிட்டது. எழுந்து மழையில் ஓடினேன்.

பாதிப் படிதான் ஓடினேன். மீதிப் பாதியை, மாப்பிள்ளைக்கென்று எடுத்த வெள்ளை பேண்ட்டில் வழுக்கி உட்கார்ந்தபடியே கடந்தேன்.

சமையல்கட்டில் அடுப்பு எரியவில்லை. பிரியாணி அண்டா தம்மில் மூடியபடி இருந்தது. அரிசி மூட்டைமேல் மாஸ்டர் சாய்ந்து கிடந்தார்.

“மாஸ்டர்! சாப்பாடு எங்க?”

“சீட்டு வரலீங்களே சாமி. சீட்டு இல்லாம சட்டி ஏறக் கூடாதுன்னு நீங்கதான ஒட்டிவெச்சீங்க? நானும் சீட்டு வரும் வரும்னு பாத்துட்டேதான் இருக்கறேன்.”

பிரிண்டரைத் தேடினேன். அதன்மேல் இட்லித் துணி போர்த்தியிருந்தது. அதை அடிக்க விடாமல் நிறுத்தும் பொத்தான் அமுக்கப்பட்டிருந்தது.

“காத்தால நொம்பக் கத்துச்சுங்க” என்றார் மாஸ்டர். “இதைய அமுக்குனா வாய மூடிக்குதுங்க. செரி, அதுவுந்தான் கொஞ்சம் ஓஞ்சிருக்கட்டுமேன்னு உட்டுட்டேன்.”

புரோகிராம் ஒரு தப்பும் செய்யவில்லை. வந்த ஆர்டரையெல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பிரிண்டர் எப்போது கண் திறக்கும் என்று காத்திருந்தது. ஓடுகிறாயா என்று கங்காணி கேட்டபோதெல்லாம் ஓடுகிறேன் என்று உண்மையைத்தான் சொன்னது. சீட்டு அடித்தாயா என்று நான் கேட்கவே இல்லை.

பொத்தானைத் தட்டினேன். பிரிண்டர் அலறத் தொடங்கியது. “சீட்டுல இருக்கறதெல்லாம் ஒண்ணு உடாமப் போடுங்க மாஸ்டர்!” என்று கத்திவிட்டு, ஒரு தட்டில் பிரியாணியை அள்ளிக்கொண்டு மேலே ஓடினேன். மாமா முன்னால் தட்டை வைத்தேன். அவர் நாலு வாய் சாப்பிட்டு முகம் தெளியும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகு, மறைக்க என்ன இருக்கிறது, நடந்ததை அப்படியே சொன்னேன்.

“கீழ புரோகிராம் ஓடுதான்னுதானுங்க மாமா கேட்டுட்டிருந்தேன். சமையல் ஆகுதான்னு கேக்கலீங்க.”

அவர் என் சேற்று பேண்ட்டைப் பார்த்தார். “உளுந்தது வலிக்குதுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் மணி அடித்தது. பரோட்டாவும் சிக்கனும் வந்தன. எல்லோரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். மறுபடி மணி அடித்தது. அதே பரோட்டா, அதே சிக்கன். மறுபடியும் மணி. நான் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அனுப்பியதெல்லாம் தனித்தனிச் சீட்டாக வந்திருக்க, மாஸ்டர் என் சொல் தட்டாமல் ஒன்று விடாமல் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து மேஜையை இழுத்துப் போட்டோம். அதுவும் நிறைந்தது. அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அத்தனையும் பொட்டலமாகி, மாமாவின் காரில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் போய்ச் சேர்ந்தது.

இந்தச் சம்பந்தமும் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சம்மதம் என்று ஆள் வந்தது. நிக்காஹ் முடிந்த பிறகு காரணம் கேட்டேன். “சோறே போடாம அனுப்பிருவாரோன்னு பாத்தா, தெருவுக்கே போட்டுட்டாரு” என்றார் மாமா. பிறகு தணிந்த குரலில், “பொய்யாச் சொல்லியிருந்தாலும் எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க” என்றார். ஃபரீதா சொல்வது வேறு: “உங்க மூஞ்சியப் பாக்கறதுக்கு முன்னாலயே உங்க சில்லி சிக்கனைத் தின்னுட்டேன். அப்புறம் எப்படி வேண்டாங்கறது?”

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாராவது யாரையாவது ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்டால் பதில், ‘பச்சைங்க’. உடனே எதிரில் இருப்பவர், ‘அது செரி, மணி அடிச்சுதா?’ என்று கேட்டாக வேண்டும். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாக வேண்டும்.

சில வருஷம் கழித்து ஒரு நாள். நான் ஏற்காட்டிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்தேன். மாமாவோடு போனில் பேசும்போது வழக்கம்போல, “உடம்பு எப்படிங்க மாமா?” என்று கேட்டேன்.

“பச்சைங்க மாப்ள.”

“மணி அடிச்சுதுங்களா?”

எப்போதும் வரும் சிரிப்பு வரவில்லை. “போனை வெச்சரட்டுங்களா?” என்றார்.

கடையைச் சாத்திவிட்டு அடுத்த பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். மாமா போர்வைக்குள் காலை மறைத்துக்கொண்டு படுத்திருந்தார். காலில் ஏதோ குத்தி, புண்ணாகி, வீட்டில் யாருக்கும் காட்டாமல் துணியைச் சுற்றிவைத்திருந்தார். அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு விரலோடு போயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

கட்டுப் போட்டபின் மாமா என்னைக் கோபமாகப் பார்த்தார். “ஏனுங்க மாப்ள, நாந்தான் பச்சைன்னு சொன்னனுங்களே. அப்புறம் எதுக்கு மலையெறங்கி வந்தீங்க?”

“அந்தப் பச்சையைக் கேட்டுத்தானுங்க மாமா வந்தேன். மணி அடிக்கலீங்களே.”