பூமிக்கு நாடி பிடித்தவர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் நினைவை அப்படியே நம்பிவிட வேண்டாம். பூமிக்கு நாடி பிடித்தவரைப் பார்க்க வந்த வரிசை எங்கள் அலுவலக மாடிப்படி இறங்கி வாசல்வரை நின்றது என்பேன் நான். தெருமுனைவரை நின்றது என்பாள் அக்கா. அவர் கையில் இருந்தது செம்புக் கம்பியா பித்தளைக் கம்பியா என்பதிலும் எங்களுக்குள் இன்றுவரை தகராறு. ஆனால் அந்த வரிசையில் நானும் கைகட்டி நின்றேன். அதில் மட்டும் சந்தேகமே இல்லை. மறந்துவிட எவ்வளவோ முயன்று பார்த்தேன்.

நான் சுற்றுச்சூழல் அனுமதி அலுவலகத்தில் எழுத்தர். யாராவது ஆலையோ கிடங்கோ கட்ட வேண்டுமென்றால் எங்களிடம் மனுக் கொடுக்க வேண்டும். மண்ணும் நீரும் காற்றும் கெடுமா என்று பார்த்து, அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்று சொல்வது எங்கள் வேலை. பார்ப்பதற்கு ஒரு காலத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். அவர்களுடைய நாற்காலிகளும் ஓய்வு பெற்றன. மிஞ்சியது ஆய்வகத்து அம்மா ஒருவர்தான். யார் என்ன சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பார். ஓர் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய ஒழுங்கீனம் உண்டா?

மனுக்கள் குவிந்தன. "ஆள் இல்லை, வெளியிலிருந்து ஆலோசகரை அமர்த்துகிறோம்" என்று அதிகாரி மேலிடத்துக்கு எழுதினார். ஆலோசகர் வந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கையுறை, ஒரு முழக் கம்பி. அவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். கம்பியை மண்ணில் குத்துவார். வைத்தியர் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல் அதன் தலையை மூன்று விரலால் பிடிப்பார். கண்ணை மூடுவார். பிறகு ஒரு மௌனம். அப்படியொரு கனமான மௌனத்தை நான் அதற்குமுன் அனுபவித்ததில்லை. ஈகூட இறக்கையை அடக்கிக்கொள்ளும். கடைசியில் தீர்ப்பு வரும்: "பூமி சம்மதிக்குது." இல்லாவிட்டால், "பூமிக்கு மனசில்லை." ஆறு மாத ஆய்வு பத்து நிமிடத்தில் முடிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? கிணறு தோண்டலாமா என்று கேட்க வந்தார்கள். சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்று கேட்க வந்தார்கள். மருமகள் வந்தபிறகு வீட்டு மண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு மாமியார் பொட்டலத்தில் மண் கொண்டுவந்தார். எங்கள் தட்டச்சுக்காரர் பூக்காத ரோஜாத் தொட்டியைத் தூக்கிவந்து வைத்தார். ஆலோசகர் நாடி பிடித்துவிட்டு, "இந்த ரோஜாவுக்கு ஆபீஸ் பிடிக்கலை" என்றார். யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் எங்களுக்கு மெய்சிலிர்த்தது.

ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. கோப்புகளைத் தூக்கிச் செல்பவன் நான்தான். ஒவ்வொரு கோப்பின் அட்டை மூலையிலும் அதிகாரி பென்சிலால் ஒரு சொல் எழுதியிருப்பார். 'ஆகலாம்' அல்லது 'பார்க்கலாம்'. கோப்பு முதலில் ஆலோசகரின் மேசைக்குப் போகும், அவர் அதன்பிறகே நிலத்துக்குப் போவார். 'ஆகலாம்' என்றிருந்தால் பூமி சம்மதிக்கும். 'பார்க்கலாம்' என்றிருந்தால் பூமிக்கு மனசிருக்காது. இதைக் கண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நம் அதிகாரிக்கும் பூமிக்கும் எப்பேர்ப்பட்ட மன ஒற்றுமை என்று நெகிழ்ந்துபோனேன்.

அப்போதுதான் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் உலைக்கு ஒரு மனு வந்தது. இடம், அக்கா வீட்டுத் தெருவுக்குப் பின்னால் இருந்த பொட்டல். அங்கிருந்து நாற்பதடியில் தெருக்கிணறு. எண்பது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். ஆய்வகத்து அம்மா பொட்டலில் குழி வெட்டி, கெடுதல் செய்யாத சாயத்தைக் கரைத்து ஊற்றினார். மூன்றாம் நாள் கிணற்றில் சாயம் தெரிந்தது. அதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அறிக்கை கோப்பின் அடிக்குப் போயிற்று. அட்டையில் 'ஆகலாம்' ஏறியது. ஆலோசகர் முன்பக்கச் சாலை வழியாகக் காரில் வந்து, பத்தடி நடந்து, கம்பி குத்தி, அந்த இடத்தில் தன் முத்திரையும் தேதியும் போட்ட மரமுளை ஒன்றை அடித்துவிட்டுப் போனார். இறுதி உத்தரவு பதினொரு நாள் கழித்து அதே பொட்டலில், மக்கள் கூட்டத்தில்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன்.

"என்னடா, பூமி என்ன சொல்லுச்சாம்?"

"சம்மதிச்சிடுச்சுக்கா."

"எண்பது வீடு இருக்கே, ஒருத்தர்கிட்டயாவது கேட்டாரா?"

"அவர் மனுஷங்ககிட்ட கேக்கறதில்லைக்கா. நேரா பூமிகிட்டயே..."

"அப்ப ஈயத் தண்ணியையும் பூமியே குடிக்கட்டும். என் பிள்ளைங்க எதுக்குடா குடிக்கணும்?"

அவளுடைய சின்ன மகள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.  

மறுநாள் நானே ஆய்வகத்துக்குப் போய் அக்கா கேட்டதைச் சொன்னேன். அந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்:

"தம்பி, ஒரே நிலத்துக்கு ரெண்டு பேர் மனுக் கொடுத்தா நம்ம ஆபீஸ்ல என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு நம்பர் போடுவோம்மா. மனுவுக்குத்தானே நம்பர், நிலத்துக்கு இல்லையே."

"அப்ப ரெண்டும் ஒரே நிலம்னு?"

"யாருக்கும் தெரியாதும்மா."

"நல்லது. உங்க அக்காவை ஒரு மனு எழுதச் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் பூங்கா. ரெண்டு ஊஞ்சல் போதும்."

அக்கா அதே பொட்டலைக் குறித்து எழுதினாள். அதிகாரி கோப்பைப் பிரிக்காமலே அட்டையில் 'பார்க்கலாம்' என்று எழுதினார். ஆலோசகர் இடத்தைப் பார்க்கும் நாளை, உலைக்கு உத்தரவு தரும் அதே காலைக்கு ஆய்வகத்து அம்மா குறித்துவிட்டார். "போற வழிதான் ஐயா, ஒரு பூங்கா மனு. ரெண்டு நிமிஷம்."

பின்சந்து வழியாக அழைத்துவந்தார். உலைக்காரரும் அதிகாரியும் எண்பது வீட்டு ஜனமும் பொட்டலில் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். கூட்டத்தைக் கண்டால் ஆலோசகருக்கு உற்சாகம் வந்துவிடும், எந்த ஊர் எந்த நிலம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. சருகு பரப்பிய ஓரிடத்தை அம்மா காட்டினார். "மனுவில குறிச்சது இதுதான் ஐயா."

குத்தினார். கம்பி தலைவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஒரு கணம் திடுக்கிட்டார். தொழில்காரர் அல்லவா, உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயோ! மண்ணு செத்துக் கிடக்கு. பிடிமானமே இல்லை. ஒரு ஊஞ்சலைக்கூடத் தாங்காது. பூமிக்கு மனசில்லை!"

"எழுதித் தர்றீங்களா ஐயா?"

எழுதினார். முத்திரை குத்தினார். அந்த அம்மா குனிந்து சருகைக் கையால் ஒதுக்கினார். கம்பி இறங்கியது, அவர் அன்று அடித்த மரமுளையைப் பிடுங்கிய துளையில். முளை பக்கத்திலேயே படுத்திருந்தது. அதே முத்திரை, பதினொரு நாளுக்கு முந்தைய தேதி. பையிலிருந்து உலைக்கு அவர் அன்று எழுதிய சான்றிதழை எடுத்து உரக்கப் படித்தார்: "மண் இரும்பாக இருக்கிறது. கம்பி இறங்கவே மறுத்தது. முந்நூறு டன் உலையைத் தாங்கும். பூமி மகிழ்ந்து சம்மதிக்கிறது."

எல்லாத் தலையும் ஆலோசகர் பக்கம் திரும்பியது.

"பூமியோட மனசு மாறும்!" என்றார் ஆலோசகர்.

வெட்கத்தோடு சொல்கிறேன், கூட்டத்தில் பாதித் தலை ஆமாம் என்று ஆடியது. என் தலையும் ஆடப் பார்த்தது.

"பதினொரு நாள்ல மாறுற மனசை நம்பியா ஐயா உலை கட்டறது?" என்றார் அம்மா.

"அதை விடுங்கம்மா" என்று அக்கா முன்னால் வந்தாள். "ரெண்டு பிள்ளைங்க ஆடற ஊஞ்சலைத் தாங்காத மண்ணு, முந்நூறு டன்னைத் தாங்குமா? ஐயா, நீங்க நாடி பிடிச்சது பூமிக்கா, உலைக்காரருக்கா?"

சிரிப்பு வெடித்தது. அதிகாரி கையை உயர்த்தினார். "அமைதி! ஆலோசகர் வெளியாள். அவர் தப்புப் பண்ணியிருந்தா அலுவலகத்துக்கு ஒண்ணும் தெரியாது."

என் அக்குளில் இரண்டு கோப்புகள் இருந்தன. வாழ்நாளில் ஒரு கூட்டத்தில் வாய் திறந்தவனல்ல நான். அக்கா என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

"சார்..." என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது. "அட்டை மூலையில நீங்க பென்சில்ல எழுதியிருக்கீங்க. உலைக்கு 'ஆகலாம்'. பூங்காவுக்கு 'பார்க்கலாம்'. ரெண்டும் அவர் நிலத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எழுதினது. எல்லாக் கோப்பிலும் இப்படித்தான் சார். பூமி இதுவரைக்கும் ஒரு தடவைகூட உங்க பென்சிலை மீறினதில்லை."

அதிகாரி எதற்காக வெளியாளைக் கொண்டுவந்தார் என்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. கையெழுத்துப் போட்டவனை விசாரிக்கலாம். பூமியை விசாரணைக்குக் கூப்பிட முடியுமா?

பிறகு நடந்தவை இவை. அடியில் கிடந்த சாய அறிக்கை கோப்பின் மேலே வந்தது. உலைக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கிணறு அப்படியே இருக்கிறது, எண்பது வீடும் குடிக்கின்றன. உலைக்காரர் வேறு ஊரில் இடம் தேடுகிறார். அதிகாரியை மாற்றினார்கள், இதைவிடப் பெரிய அறைக்கு. ஆய்வகத்து அம்மா ஐந்து உதவியாளர் கேட்டார். இரண்டு பேர் வந்தார்கள். பூங்கா மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நான் எழுத்தராகவே இருக்கிறேன். ஆலோசகரின் ஒப்பந்தம் ரத்தானது. இப்போது இன்னொரு துறையில் பாலங்களுக்கு நாடி பார்க்கிறாராம். அங்கேயும் நல்ல கூட்டமாம்.

அந்த வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாலம் விழும்போது பூமி வந்து பதில் சொல்லாது. கால் வலிக்க நிற்கிறீர்களே, ஒரு நாளாவது தலை வலிக்க யோசியுங்கள்.