ஒழுக்கமும் பண்பும்: நன்று

18.6.1991, செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய கண்ணப்பன் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் செந்தாமரை வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே அம்மா, நான், கறவை மாடு மூவரும் சுகம். அப்பாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. அவர் என்னோடு பேசாமல் இருப்பதற்கும் பல்வலிக்கும் சம்பந்தம் இல்லை, அதன் காரணம் கீழே வருகிறது. அங்கே நீங்களும் அத்தையும் ஐஸ்வர்யா பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு மொட்டை அடித்த தலையில் முடி வந்துவிட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

மாமா, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் எனக்காக ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும். மறைமலை நகரில் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் எங்கள் தலைமை ஆசிரியர் கோதண்டராமன் சார்தான் அவர். விஷயத்தை ஒரு வரியில் எழுதினால் நீங்கள் என் பக்கம் இருப்பீர்கள். முழுவதும் எழுதினால் இருப்பீர்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் முழுவதும் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் 412 வாங்கியது உங்களுக்குத் தெரியும். நம் ஊர்ப் பள்ளியில் பத்து வரைதான் என்பதும் தெரியும். பிளஸ் ஒன்னுக்கு ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டும். அங்கே வெள்ளிக்கிழமை கடைசி நாள், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தை வாங்கவே மாட்டார்கள். வெள்ளிக்குள் சேரவில்லையென்றால் திங்கட்கிழமை முதல் அடுத்த வீட்டு லீலாவோடு கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். ரேடியோவுக்குள் வைக்கிற சாமான் செய்யும் கம்பெனி. லீலா அதில் சேர்ந்து எட்டு மாதத்தில் வீட்டுக்கு மின்விசிறி வாங்கிவிட்டாள், ஆகவே நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நான் ஏழாம் வகுப்பிலிருந்து நீதிபதியாக இருக்கிறேன், அதாவது மனதளவில். நீதிபதிக்கு முதல் படி பிளஸ் ஒன்.

போன வியாழக்கிழமை பள்ளியில் எல்லாருக்கும் மாற்றுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பியூன் கோபால் அண்ணன் பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அதில் ‘மாணவரின் ஒழுக்கமும் பண்பும்’ என்று ஓர் இடம் இருக்கிறது. எனக்கு ‘நன்று’ என்று எழுதியிருந்தது. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நான் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்றவளுடையதைப் பார்த்தேன், ‘நன்று’. அவளுக்குப் பின்னால் இருந்தவனுக்கும் ‘நன்று’. மரத்தடியில் நின்று, அதுவரை வாங்கிய அறுபத்து மூன்று பேருடையதையும் வாங்கிப் பார்த்தேன். அத்தனையும் ‘நன்று’, ஒரே மையில், ஒரே சாய்வில். மனிதன் வளர வேண்டுமானால் தகுதியில்லாத பாராட்டை ஏற்கக் கூடாது என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்திருக்கிறேன். எனவே தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன்.

“சார், எனக்கு ‘நன்று’ன்னு போட்டிருக்கீங்க.”

“ஆமா, போட்டிருக்கேன்.”

“எதை வெச்சு சார் போட்டீங்க?”

“எதை வெச்சுன்னா? பேனாவ வெச்சுதான்.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை மாமா. நான்தான் விடவில்லை. எல்லாருக்கும் ‘நன்று’ என்றால் அந்தச் சொல்லுக்கு மதிப்பே இல்லை என்று விளக்கினேன். விளக்கம் என்றால் உதாரணம் வேண்டும் அல்லவா? “அரை மணி முன்னாடியே பெல் அடிச்ச நிலவனுக்கும் நன்றுன்னுதான் போட்டிருப்பீங்க, எனக்கும் நன்றுன்னா எப்படி சார்?” என்று கேட்டுவிட்டேன்.

சார் பேனாவைக் கீழே வைத்தார். “எந்த பெல்லு?”

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் மூன்றே முக்காலுக்கே வீட்டு மணி அடித்து, பள்ளிக்கூடம் முழுவதும் கலைந்து, கடைசி பீரியடில் இருந்த ஆசிரியர்களும் கிளம்பி, தலைமை ஆசிரியரே ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் ஏறிய பிறகுதான் மணி நாலேகால் ஆயிற்று. பள்ளி மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டில் கல்லால் அடித்தவன் எங்கள் வகுப்பு நிலவன் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும். சாருக்கு மட்டும் தெரியாது. சாருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. கோபால் அண்ணன் எனக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினாராம். எனக்கு முதுகில் கண் இல்லை.

“பொண்ணு சொல்றது நியாயம்தான் கோபாலு,” என்றார் சார். “அந்த நிலவன் இன்னும் வாங்கலைல்ல? அவனோடத எடுத்து உள்ள வை. இந்தப் பொண்ணோடதையும் வாங்கு. நல்லா விசாரிச்சு, உள்ளது உள்ளபடி எழுதலாம்.” பிறகு என்னைப் பார்த்து, “உன்ன நல்லா தெரிஞ்ச ரெண்டு பெரியவங்ககிட்ட நீ எப்படின்னு எழுதி வாங்கிகினு வா. ஆமா, உம் பேர் என்ன சொன்ன?” என்றார். ஐந்து வருடமாகக் காலைக் கூட்டத்தில் செய்தி வாசித்தவள் நான்.

முதலில் மீனம்மாள் பெரியம்மாவிடம் போனேன், லீலாவின் அம்மா. அவருக்கு எழுதத் தெரியாது, ஆகவே அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். “எழுது. நல்ல பொண்ணு. பொய் சொல்லாது. ஆனா அடிபம்புல கொடத்த வெச்சிட்டு பொஸ்தகம் படிக்கும், பின்னாடி கீறவங்கள்லாம் நின்னுகினே கெடக்கணும். கோழிய வெரட்டுன்னா கோழிகிட்ட பேசிகினு நிக்கும். எழுதிட்டியா? நம்பக்கூடாது, படிச்சுக் காட்டு.” ஒரு வார்த்தை விடாமல் எழுதிப் படித்துக் காட்டினேன். கைநாட்டு வைத்தார்.

அடுத்தது தெருக்கோடி தாவீது அண்ணன். அவர் உங்கள் ஊரில்தான் மோட்டார் சாமான் கம்பெனியில் சாமானைச் சோதித்து அனுப்பும் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறார். காது குத்தினாலும் கல்யாணம் ஆனாலும் அவருக்கு ஒரே மாதிரிதான் எழுத வரும். ‘மேற்படி செந்தாமரையைப் பல வருடமாகப் பார்வையிட்டதில் விரிசல், துரு எதுவும் இல்லை. சத்தம் சற்று அதிகம். இப்போதைக்கு அனுப்பலாம். ஒரு வருடம் ஓடிய பின் மறுபடி சோதிக்கவும்’ என்று எழுதி, தேதி போட்டு, சட்டைப் பையிலிருந்த கம்பெனி முத்திரையைக் குத்தப் போனார். நான் தடுத்துவிட்டேன்.

இரண்டையும் கோப்பில் வைத்துக்கொண்டு நான் பெருமையாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் நிலவனின் அம்மா செல்லம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

“இன்னா சரோஜா, உம் பொண்ணு எப்ப கலெக்டர் ஆச்சு? எம் புள்ள செங்கல்பட்டு ஐ.டி.ஐ.ல சேர்றதுக்கு வெள்ளிக்கெழம வர சொல்லிகிறாங்க. டிசி குடுக்க மாட்டேன்றாரு வாத்தியாரு. மூணு வருசமா ஃபெயில் ஆவாம ஒரு வழியா கர சேந்தான், இவ போய் பெல்லடிச்சத சொல்லிட்டு வந்துகிறா. அந்த பெல்லுக்கு உங்க வூட்டு மாடு பால் கறக்காம நின்னுபுட்சா?”

அம்மா என்னைப் பார்த்தாள். மாமா, அதுவரை நிலவனுடைய சான்றிதழைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அவன் எனக்கு ஓர் உதாரணம், அவ்வளவுதான். உதாரணத்துக்கு வெள்ளிக்கிழமை ஐ.டி.ஐ. இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

செல்லம்மாள் போன பிறகு நான் லீலாவிடம் என் நியாயத்தைச் சொன்னேன். உண்மை தெரிய வேண்டும் என்றுதான் கேட்டேன், வேறு எண்ணம் இல்லை என்றேன். லீலா தலையில் சீப்பை வைத்துக்கொண்டே சிரித்தாள். “உண்மையாம். உனக்கு இன்னா வேணும்னு நான் சொல்லட்டா? உனக்கு ‘மிக நன்று’ன்னு போடணும். இல்லாங்காட்டி அவனுக்கு ‘மோசம்’னு போடணும். ரெண்டுல ஒண்ணு நடந்திருந்தா நீ வாயத் தொறந்திருப்பியா?” அவள் விடாமல், “நீ மட்டும் ஜட்ஜ் ஆனன்னு வையி, இந்த ஊர்ல ஒருத்தன் வெளிய இருக்க மாட்டான்டி. எங்க கம்பெனில இருக்கிற சூப்பர்வைசரே தேவல,” என்றாள். அவள் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று திங்கட்கிழமை இரண்டு கடிதங்களோடும், ‘என் கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிய தாளோடும் பள்ளிக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. சார் பேத்திக்குக் காது குத்தத் திருத்தணி போயிருக்கிறார், பீரோ சாவியும் அவரிடம்தான், எப்போது பள்ளிக்கு வருவார் என்று கோபால் அண்ணனுக்கே தெரியவில்லை. நிலவனும் அங்கே நின்றான். அவன் என்னைத் திட்டவில்லை. “செவ்வாக்கெழம காலையில வூட்டுக்கு வந்துருவாருன்னு சொல்றாங்க. இப்பவே போய் வீட்டப் பாத்து வெச்சிக்கலாமா, நாளைக்கு நேரா போலாம்?” என்றான். நல்ல யோசனையாகத் தெரிந்தது. அவனும் நானும் மறைமலை நகர் போவதற்காக ஒரகடம் கூட்டு ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் பஸ்ஸுக்காக நின்றோம். எங்களுக்கு நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற இடைவெளி இருந்தது, அதை நான் முன்யோசனையோடு விட்டிருந்தேன். ரேஷன் கடைக்காரர் சைக்கிளில் போனார். நான் வணக்கம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டார். பஸ் வர நாற்பது நிமிடம் ஆகும், அப்பா வர முப்பது நிமிடம்தான் ஆயிற்று.

அப்பா “ஏறு” என்று சைக்கிள் கேரியரைக் காட்டினார். அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லும் இல்லை. அம்மாதான் பேசினாள்: “ஒழுக்கத்துக்கு சர்டிபிகேட் வாங்கப் போனவ, பையனோட ரோட்டுல நிக்கிற. அந்தாளு இப்ப இன்னாடி எழுதுவாரு?” இப்போது நான் அடிபம்புக்குப் போவதற்கும் துணைக்கு ஆள் வேண்டும்.

ஆகவே மாமா, நீங்கள் சாரைப் போய்ப் பாருங்கள். எனக்கு எதை எழுதினாலும் சரி என்று சொல்லுங்கள். ஆனால் நிலவனுக்கு ‘நன்று’ என்று எழுதச் சொல்லுங்கள், பெல்லைத் தவிர அவன் மேல் குற்றம் இல்லை. இனிமேல் நான் யாரையும் எந்தக் கேள்வியும் கேட்பதாக இல்லை. நீதிபதி எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் அத்தைக்கும் என் நமஸ்காரம். பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அம்மா, பல்வலியோடு அப்பா, இருவரும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். அப்பா சொல்லவில்லை, அம்மா அவருக்கும் சேர்த்துச் சொன்னாள்.

உங்கள் கீழ்ப்படியும் மருமகள்,
ந. செந்தாமரை

பின்குறிப்பு, வியாழக்கிழமை: தாவீது அண்ணனுக்கு ஷிப்ட் மாற்றிவிட்டதால் உங்களிடம் சேர்க்கச் சொல்லிக் கொடுத்த இந்தக் கடிதம் அவர் பையிலேயே இருந்து திரும்பி வந்துவிட்டது. நல்லதாயிற்று. நீங்கள் யாரையும் பார்க்க வேண்டாம்.

இன்று காலை சார் பள்ளிக்கு வந்துவிட்டார் என்று கோபால் அண்ணன் சொல்லி அனுப்பினார். அம்மாவோடு போனேன். நிலவன் செல்லம்மாளோடு வந்திருந்தான். நான் கேள்வியைத் திரும்பப் பெறும் தாளை நீட்டினேன். சார் படித்துவிட்டு, “உன்னுது சரி. பெல்லடிச்சவனுக்கு எப்படி ‘நன்று’ன்னு போடறது? நீ கேட்டதுதானே?” என்றார். நிலவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன். “சார், அவன் அடிச்சது தப்புதான். ஆனா அவன்கிட்ட கடிகாரம் இல்ல. பெல் கேட்டு வீட்டுக்குக் கிளம்பின எல்லார்கிட்டயும் கடிகாரம் இருந்துச்சே சார்? அவங்க யாருமே ஏன் பாக்கல?” என்றேன். கேட்டு முடித்த பிறகுதான் அந்த ‘எல்லாரும்’ யார் யார் என்று எனக்கு உறைத்தது. நிலவன் மெதுவாக, “ஏய், போதும், உட்டுடு, நான் ஐ.டி.ஐ.யே போவல,” என்றான். கோபால் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சார் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டார். பிறகு பேனா கேட்டார். நிலவனுக்கு ‘நன்று’. செல்லம்மாள் சாரைக் கும்பிட்டாள், என்னைக் கும்பிடவில்லை, முறைக்கவும் இல்லை.

எனக்கு ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதியிருந்தார். அதை எதை வைத்து எழுதினார் என்று நான் கேட்கவில்லை. லீலா வேனுக்குப் போகும்போது எட்டிப் பார்த்து, “முன்னேற்றம்னா, முன்ன எப்படி இருந்தியாம்?” என்றாள். நீதிபதியாவதை விட்டதும் விட்டதுதான். வக்கீலாகலாம் என்றிருக்கிறேன். தீர்ப்பை வேறு யாராவது எழுதட்டும்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, “கெளம்பு, ஒரு மணிக்கு மேல ஆபீஸ்ல ஆள் இருக்க மாட்டான்,” என்றார். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்காக நின்றபோது சான்றிதழை முதல் வரியிலிருந்து படித்தேன். அங்க அடையாளம் என்ற இடத்தில் ‘இடது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று இருக்கிறது. மாமா, எனக்கு மச்சம் வலது முழங்கையில். திரும்பத் திரும்பக் கையை மடித்துப் பார்த்தேன், வலதுதான். பள்ளிக்கூடம் அங்கிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். சாரும் உள்ளேதான் இருந்தார்.

“இன்னா?” என்றார் அப்பா.

“ஒண்ணுமில்லப்பா,” என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.