தலைச் சுற்றளவு மாறவில்லை

எங்கள் மருந்து அனுமதி அலுவலகத்தில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒரே ஒரு சின்னக் குறை. முடிந்த கோப்புகளைக் கழித்துக்கட்டும் எழுத்தர் ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகிறது. அவர் இடத்துக்கு ஆள் கேட்டு எழுதிய கோப்பும் அந்தக் குவியலுக்குள்தான் எங்கோ கிடக்கிறது. என் நாற்காலிக் கால் உடைந்ததிலிருந்து நானும் ஒரு கோப்புக் கட்டின் மேல் உட்கார்ந்துதான் பொதுச்சேவை ஆற்றிவருகிறேன்.

ஒரு திங்கட்கிழமை தையல்கார அம்மா ஒருத்தி தம்பியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். அவன் கடிகாரம் பழுது பார்த்தவன், வயது முப்பத்தெட்டு. இப்போது மணி பார்க்கத் தெரியாது.

"இந்த மருந்துக்கு நீங்க அனுமதி தரணுமாம் சார். வீட்டு வழி மறந்துட்டான். என்னை மட்டும் இன்னும் அக்கான்னு கூப்பிடுறான். அதுவும் போறதுக்குள்ள மருந்து கிடைச்சா போதும்."

டாக்டர் கடிதத்தில் தெளிவாகவே இருந்தது. நரம்பு செல்கள் ஸ்பிங்கோலிப்பிட் என்ற கொழுப்பைத் தயாரித்து, வேண்டிய அளவு வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிதைத்துவிடும். இவருக்குச் சிதைக்கும் நொதி போதவில்லை. கொழுப்பு தேங்கி செல்கள் சாகின்றன. இந்த மருந்து புதிதாகச் சேர்வதையாவது குறைக்கும்.

அதிகாரி 'கொழுப்பு' என்ற சொல்லோடு படிப்பதை நிறுத்திக்கொண்டார். எண்ணெயில்லாச் சாப்பாட்டுக்கு மாறி அவருக்கு அன்று பதினோராவது நாள். எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிச் சொல்லும் பட்டையும் கையில் கட்டியிருந்தார்.

"கொழுப்புக்கு எதுக்கும்மா மருந்து? தினம் பத்தாயிரம் அடி நடக்கச் சொல்லுங்க."

"நடந்தா திரும்பி வர வழி தெரியாது சார்."

"இன்னும் நல்லது. அடி நிறைய சேரும்."

ஆனாலும் நியாயமான மனுஷர். குழு அமைத்தார். கொழுப்பு சேர்ந்தால் தலை பருக்க வேண்டும் என்று குழு கண்டறிந்தது. மாதாமாதம் தலையை அளக்க உத்தரவு போட்டார்கள். எங்களிடம் அளவு நாடா இல்லாததால் தையல்கார அம்மாவே அளந்து சொன்னாள், நாங்கள் எழுதிக்கொண்டோம். ஆறு மாதமும் ஒரே அளவு. 'நோய் கட்டுக்குள் உள்ளது' என்று பதிவானது.

ஏழாம் மாதம் டாக்டரம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"அவர் மூளை உங்க ஆபீஸ் மாதிரிதான் சார். வர்றது வந்துகிட்டே இருக்கு, கழிக்க ஆளில்லை. ஒருநாள் உள்ளே இருக்கிறவங்களுக்கு மூச்சு விட இடமிருக்காது."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். "கேட்டீங்களா? நம்மை மூளைங்கிறாங்க." வாசலில் அப்படியே பலகை மாட்டச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் மருந்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

அனுமதி ஆணை என் மேஜைக்கு வந்தது. வந்ததுதான் தெரியும், பிறகு காணோம். வாரத்துக்கு இரண்டு தடவை அக்காவும் தம்பியும் டோக்கன் எடுத்து வரிசையில் நின்றார்கள். "போட்டாச்சும்மா, வந்துடும்" என்று நானும் சளைக்காமல் சொன்னேன். நாலு மாதம் ஓடியது. மனசாட்சிப்படி எல்லா இடத்திலும் தேடினேன், எழுந்திருக்காமலே.

பிறகு எனக்குப் புது நாற்காலி வந்தது. எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த கட்டின் மேலேயே ஆணை இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. தூசியைத் தட்டிவிட்டு அக்காவிடம் கொடுத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள். "மருந்து கிடைச்சிடுச்சுடா."

அவன் அவளை மரியாதையாகப் பார்த்தான். "டோக்கன் எடுத்தீங்களாம்மா? மூணாவது கவுண்டர். வரிசையில வாங்க."

"நான்டா, அக்கா."

"யாரா இருந்தாலும் வரிசையில வாங்கம்மா."

அதிகாரி எட்டிப் பார்த்தார். "நடைமுறை இவ்வளவு தெளிவா ஞாபகமிருக்கு. இவருக்கு எதுக்கு மருந்து?" அவளிடமிருந்து ஆணையை வாங்கி, 'மறுபரிசீலனைக்கு' என்று எழுதி என்னிடம் நீட்டினார். அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர்கள், "அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க சார், நாங்களும் நிக்கிறோம்ல" என்றார்கள்.

கூப்பிட்டேன். புது நாற்காலி எனக்குக் கொஞ்சம் தாழ்வு. ஆணையைப் பழைய கோப்புக் கட்டுக்குள் சொருகி, அந்தக் கட்டைத் தூக்கி நாற்காலியில் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.