மார்ச் மாதத்து ஐஸ்கிரீமும் மார்லீன் அத்தையின் கணக்கும்

ஸ்ப்ரூஸ் பாயிண்ட், மினசோட்டா
மார்ச் மாதம், பனி முழங்கால் வரை

மரியாதைக்குரிய மார்லீன் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் பெட்ரா பணிவுடன் (சிரிக்காதீர்கள்) எழுதுவது. இங்கே அப்பா நலம், நான் நலம், ஐஸ்கிரீம் மெஷினும் நலம். நீங்கள் ஃபீனிக்ஸ் பாலைவன வெயிலில் நலமாக இருப்பதை உங்கள் ‘சில்லறை விஷயம்’ பாட்காஸ்டில் வாராவாரம் குரலைக் கேட்டே தெரிந்துகொள்கிறோம். நாங்கள் மட்டுமல்ல, ஊரே தெரிந்துகொள்கிறது. இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

எங்கள் பள்ளியில் பொருளாதாரம் நடத்தும் ஆஸ்ட்பி சாருக்குப் பாடப்புத்தகத்தைத் திறந்தால் தமக்கே தூக்கம் வந்துவிடும். ஆகவே உங்கள் பாட்காஸ்டை ஓடவிட்டு, மேஜைமேல் காலைப் போட்டுக்கொண்டு காபி குடிப்பார். குறை சொல்லவில்லை, உங்களிடம்தான் நான் உருப்படியாக ஏதோ கற்றேன். அடுப்பு வாங்கிய கடன் ரொட்டி சுட்டாலும் சுடாவிட்டாலும் நிற்கும், மாவுச் செலவு சுட்டால்தான் வரும் என்று நீங்கள் சொன்னதும் மாறாச் செலவும் மாறும் செலவும் எனக்கு மண்டையில் ஏறிவிட்டன. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, எப்போது கடையைச் சாத்துவது என்ற பகுதி வரும்வரை. அதில் நீங்கள், “எனக்குத் தெரிந்த ஒருவர் வடக்கே ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறார், ஏரி உருகுவதற்கு முன்பே மார்ச்சில் திறப்பார், நாய்களுக்கு இலவசக் கோன் வேறு கொடுப்பார், மே வரை பொறுத்தால் பிழைப்பார்” என்றீர்கள். பெயர் சொல்லவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அத்தை, வடக்கே ஐஸ்கிரீம் கடைக்காரர்கள் பலர் இருக்கலாம். கோன் கொடுத்த நாயிடமே கடி வாங்கித் தையல் போட்டுக்கொண்டவர் என் அப்பா ஒருவர்தான், அதையும் நீங்கள் விடாமல் சொல்லிவிட்டீர்கள். வகுப்பு முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. ஆஸ்ட்பி சார் காலைக் கீழே இறக்கினார்.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தின் அடித்தளத்தில் வழக்கமான மீன் விருந்து. அப்பா தட்டை ஏந்தி வரிசையில் நிற்கிறார். தபால் கொண்டுவரும் ஷேரன் பெக்கோலா பின்னாலிருந்து, “என்ன லியோ, உன் மாறும் செலவெல்லாம் சௌக்கியமா?” என்கிறாள். மீனைப் பொரித்துக்கொண்டிருந்த பாதிரியார், “இன்னொரு துண்டு போடவா? இல்ல, உங்கக்காகிட்ட கேட்டுச் சொல்றியா?” என்கிறார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நம் வீட்டு மனிதர்கள் கோபத்தில் கத்துவதில்லை, மரியாதைக்காரர்களாகிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா? அன்று அப்பா எல்லாருக்கும் நன்றி சொன்னார், உப்பு டப்பாவுக்குக்கூட.

மறுநாள் கடை முன்னால் உயரத்தில் இருக்கிற பலகையில், எழுத்து எழுத்தாகக் கோர்ப்போமே, அதில் ‘மே மாதம் திறப்போம், மன்னிக்கவும்’ என்று ஏணி வைத்து மாட்டிவிட்டார். அத்தை, மார்ச் மூன்றாம் சனிக்கிழமை நம் கடை திறக்காமல் இந்த ஊருக்கு வசந்தம் வந்ததே இல்லை. காதுக்குல்லாயும் கனத்த கோட்டுமாகப் பனிமேட்டில் நின்று, கையுறையோடு கோனைப் பிடித்து நக்கினால்தான் குளிர்காலம் தோற்றதாக இவர்களுக்குக் கணக்கு. அதுகூடப் போகட்டும், டுலூத் நகரத்திலிருந்து ஒருவர் அடுத்த வார ஞாயிறன்று மெஷினை விலைபேச வருகிறார் என்று அப்பா போகிறபோக்கில் சொன்னபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. மே மாதம் திறக்கிறவர் எதற்கு மார்ச்சில் மெஷினை விற்கிறார்? கேட்டால், “சும்மா பாத்துட்டுப் போறாரு, பாக்கறதுக்குச் செலவில்ல” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த மெஷினை மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

ஆகவே அடுத்த வெள்ளி மாலை அந்த ஏணி கொஞ்சம் நகர்ந்தது. பலகையும் கொஞ்சம் மாறியது. ‘சனி காலை திறப்பு, நாய்களுக்கு இலவசம்.’ யார் செய்தார்கள் என்ற ஆராய்ச்சி இந்தக் கடிதத்துக்கு அவசியமில்லை.

சனி காலை அப்பா வாசல் பனியை அள்ளலாம் என்று மண்வெட்டியோடு வந்தால், சாலைமுனை வரை வரிசை. பனி கொட்டுகிறது, ஒருவரும் நகரவில்லை. மனிதர்களுக்குச் சமமாக நாய்கள். பழைய கடிநாயும் வந்திருந்தது, வெட்கமே இல்லாமல்.

“யாரு போர்டை மாத்தினது?” என்றார் அப்பா.

வரிசையே வானத்தைப் பார்த்தது. “காத்து, லியோ,” என்றாள் ஷேரன். “வடக்குக் காத்து. எழுதப் படிக்கத் தெரிஞ்ச காத்து.”

அப்பா என் பக்கம் திரும்பினார். “திறந்தா நஷ்டம்னு என் அக்காவே சொல்லிட்டா. ஊருக்கே கேட்டுது.”

“சரிப்பா. கடை வாடகை?”

“வருஷத்துக்கும் கட்டியாச்சு.”

“மூடி வெச்சா திருப்பித் தருவாங்களா?”

“அவங்களா? நல்லாத் தருவாங்க!”

“இன்சூரன்ஸ்?”

அப்பா மண்வெட்டியைப் பனியில் நட்டுவைத்தார்.

“அப்ப அதெல்லாம் திறந்தாலும் செலவு, மூடினாலும் செலவு. அதை விட்டுத் தள்ளு. இன்னிக்குத் திறந்தா புதுசா என்ன ஆகும்? பால் கலவை, கோன், கொஞ்சம் கரண்ட். அதுக்கு மேல ஒரு டாலர் வந்தாலும் அந்த வாடகைல ஒரு டாலர் கழிஞ்சுது. அத்தையேதான் முந்தின பகுதில சொன்னாங்க, அடுப்புக் கடன் கதைல.”

“நாயிங்க?”

“எந்த நாயாவது தானா நடந்து வந்துதா? ஒவ்வொண்ணு பின்னாடியும் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நிக்கறாரு பாரு. அது தானம் இல்லப்பா, விளம்பரம்!”

“எல்லாம் சரி. கலவைக்கு எங்க போறது?” என்றார், என் கண்ணைப் பார்க்காமல். நான் உள்ளே போய்க் குளிர்பெட்டியைத் திறந்தேன். அத்தை, தரையிலிருந்து மேல்தட்டு வரை கலவைப் பைகள், புதுசு, வியாழக்கிழமைத் தேதி போட்டது, பலகை மாறுவதற்கு முந்தின நாள்!

“மெஷினை சும்மா சோதிக்கலாம்னு...” என்றார் அப்பா.

“சோதிக்கவா, குளிக்கவா?” என்றாள் ஷேரன்.

அவ்வளவுதான், விற்பனை ஜன்னல் திறந்தது. மதியத்துக்குள் கோன் தீர்ந்து, காபிக் குவளைகளில் நிரப்பிக் கொடுத்தோம். ஞாயிறன்று டுலூத்துக்காரர் வந்தார், மெஷினை விசாரித்தார். “இப்ப அதுக்கு வேலை இருக்கு, வரிசையில நில்லுங்க,” என்றார் அப்பா. அவரும் நின்றார், வெனிலா வாங்கினார், போய்விட்டார். அப்பா யாருக்கும் நன்றி சொல்லாமல் சாயங்காலம் வரை திட்டிக்கொண்டே இருந்தார். கேட்கவே இதமாக இருந்தது.

எனவே அத்தை, என் கோரிக்கை ஒன்றே ஒன்று. அடுத்த வாரமே ஒரு திருத்தப் பகுதி வெளியிட்டு, ‘அந்த வடக்கத்தி மனிதர் மார்ச்சில் திறந்தது சரியான வியாபார முடிவு, பிசகியது நான்தான்’ என்று உங்கள் வாயாலேயே சொல்லவேண்டும். நாய் விஷயத்தையும் விளம்பரச் செலவில் சேர்க்கவேண்டும். அப்பாவுக்காகக் கேட்கிறேன், ஆஸ்ட்பி சாரின் முகத்தைப் பார்ப்பதற்காகவும் கேட்கிறேன்.

மாமாவின் முழங்கால் தேறட்டும், அங்கே உங்களுக்கு ஒரு நாளாவது மேகம் கிடைக்கட்டும், மைக் ஓயாமல் இருக்கட்டும் என்று மனமார வேண்டிக்கொள்ளும்,

அன்பு மருமகள்
பெட்ரா க்ராய்னிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அப்பாவிடம் இரண்டு நாள் சம்பளம் கேட்டேன். பென்சிலை எடுத்தார். என் கூலியைச் சேர்த்தார், சும்மா இருப்பானேன் என்று தம் கூலியையும் சேர்த்தார், மறுபடி கூட்டினார். நஷ்டம். நல்ல கொழுத்த நஷ்டம். நீங்கள் சொன்னதுதான் சரி அத்தை, திருத்தப் பகுதி வேண்டாம், மேலே எழுதியதை ஆஸ்ட்பி சாரிடம் காட்டவும் வேண்டாம். “அப்ப கடையை மூடப்போறியாப்பா?” என்றேன். “கடையை எதுக்கு மூடணும்? உன் சம்பளத்தை மூடினாப் போதும்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பலகையில் இப்படி இருக்கிறது: ‘வேலைக்கு ஆள் தேவை. சம்பளம் கிடையாது. நாய்களும் விண்ணப்பிக்கலாம்.’ சத்தியமாக நான் இல்லை. ஏணிமேல் அப்பா நிற்கிறார்.