ஒரு மணி பத்து நிமிடத் தூரம்

மதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். இங்கு என்பது உங்கள் வீட்டு வாசல். நீங்களும் எங்கிருந்தாலும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் செல்போனில் நம் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்தேன். வான்வழியில் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒரு மணி பத்து நிமிடம் என்று வந்தது. பொது அறிவாக இருக்கட்டுமே என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். அவள் பிழிந்துகொண்டிருந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, "ஒரு மணி நேரந்தானா? அப்புறம் ஏன் மூணு வருஷமா 'ரொம்பத் தூரம், ரொம்பத் தூரம்'னு சொல்லி என்னை அண்ணன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகல?" என்றாள். நியாயமான கேள்விதான். மறுநாள் அவள் உங்கள் வீட்டில் இருந்தாள்.

சில நாள் வீறாப்பாக இருந்தேன். நேற்று வெந்நீர் வைக்கப் போய்ப் பாத்திரம் கருகியதும் டிக்கெட் எடுத்துவிட்டேன். பறந்தது என்னவோ ஒரு மணி பத்து நிமிடம்தான். தரையில்தான் எல்லாத் தாமதமும். வரிசை, பெல்ட்டைக் கழற்று, மறுபடி வரிசை, எங்கள் பணிமனை வண்டி என்றால் இதற்குள் போய்த் திரும்பியிருக்கும். நடுவானில் எதிரே ஒரு விமானம் போனது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்தால் பூட்டு. எதிர்வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "அண்ணன், அண்ணி, தங்கச்சி மூணு பேரும் காலையிலயே பிளைட்டுல தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்களே! அந்த மனுஷனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாதுன்னு அந்தம்மா ஒரே புலம்பல்" என்றார். அவர்தான் நாற்காலியும் தாளும் கொடுத்தார். செல்போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். நான் அவளைத் தேடி வந்ததாகச் சொல்லிவிடாதீர்கள். ஏதோ சொந்த வேலையாக வந்தேன் என்று சொல்லுங்கள். கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டுக் கிளம்புகிறேன். உங்கள் மனைவி அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் குடும்பத்தார் அனைவரும் நீண்ட ஆயுளோடும், கூடுமானவரை வீட்டிலும், இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்

பி.கு: தையல்காரம்மா தன் போனைக் கொடுத்தார். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான், அதையே அடித்தேன். உங்கள் தங்கை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"உங்க அண்ணன் வீட்டு வாசல்ல."

"அங்க எதுக்குப் போனீங்க?"

"உன்னைத் தேடித்தான்" என்று வாயில் வந்துவிட்டது. மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"நாங்க வந்துடறோம். பத்து நாள் அங்கேயே அண்ணன்கூட இருக்கலாம்."

"நானே வரேனே, ஒரு மணி நேரந்தான…"

"நகராதீங்க!"

ஆகவே நகரவில்லை. மேலே சொன்ன வேண்டுகோளை மறந்துவிடவும். தையல்காரம்மாவுக்கு நாற்காலி தேவைப்பட்டது. இப்போது படியில் உட்கார்ந்திருக்கிறேன்.