இன்னும் பதினேழு வருஷம்

மூன்றாவது தடவை அளந்தபோது முன்னறை இன்னும் ஓர் அடி நீண்டிருந்தது.

"டேப்பு சரியில்லையோ?" என்று கேட்டாள் கிளெனிஸ் ஹாப்டே.

"டேப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. வீடுதான் சரியில்லை." சர்வேயர் நைஜலின் முகம் வெளுத்திருந்தது. "அந்த முனையை யாரோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு, மேடம்."

அந்த முனையில் ஜன்னல் மட்டும்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹேஸ்டிங்ஸின் சாம்பல் நிறக் கடல்.

கிளெனிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறை பெரிதானால் ஃபிளாட்டின் மதிப்பு ஏறும். மதிப்பு ஏறினால் குத்தகையை நீட்டிக்க நிலக்காரர் லெதர்பிக்கு அவள் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறும். பேய் என்றால் வந்தோமா, பயமுறுத்தினோமா என்று இருக்க வேண்டும். விலையை ஏற்றிவிடுகிற வேலை அதற்கு எதற்கு?

பேய் அவளுக்குப் புதிதல்ல. ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் காலமெல்லாம் உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்த காசில், அந்த ஊர் வழக்கப்படி நீண்ட காலக் குத்தகைக்கு வாங்கிய மாடி ஃபிளாட் அது. குடிவந்த நாளிலிருந்தே புகைபிடிக்காத வீட்டில் பைப் புகையிலை வாசனை. ஆளில்லாத நாற்காலியில் யாரோ உட்கார்ந்து எழுந்திருக்கும் சத்தம். அதோடெல்லாம் அவள் ஒத்துப்போய்விட்டாள். ஒத்துப்போக முடியாதது குளியலறைக் கண்ணாடிதான். வெந்நீர் ஆவி படிந்ததும் அதில் விரலால் எழுதியதுபோல ஓர் எண் தெரியும். போன வருடம் பதினெட்டு. இந்த வருடம் பதினேழு.

குத்தகையில் மிச்சமிருந்ததும் அதே பதினேழு வருடங்கள்தான். அது தீர்ந்தால் சுவர், கதவு, அவள் பார்த்துப் பார்த்து ஒட்டிய சுவர்க்காகிதம் எல்லாமே லெதர்பிக்கு. எழுபத்தெட்டு வயதில் அவள் தெருவில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால், போன வருடம் குத்தகை தீர்ந்த கீழ்வீட்டு டாப்ஸ்காட் அம்மாளைப் போல, இத்தனை காலம் தன்னுடையது என்று நினைத்த வீட்டிலேயே வாடகைக்கு இருக்க வேண்டும்.

"அந்தப் பேய்ப்பய என் நாளை எண்ணிக்கிட்டு இருக்கான்," என்று அவளிடம் குமுறினாள் கிளெனிஸ்.

"எண்ணினா எண்ணிட்டுப் போகட்டுமே," என்றாள் டாப்ஸ்காட் அம்மாள். "வாடகைதான் முழியப் பிதுக்குது, கிளெனிஸ். மத்தபடி என் வீடு இப்ப ரொம்ப அமைதி."

குத்தகையை நீட்டிக்கக் கேட்டு வக்கீல் எழுதி அனுப்பிய நோட்டீஸில் கிளெனிஸ் சமையலறை மேசையிலேயே கையெழுத்துப் போட்டாள். கெட்டில் கொதித்து முடிவதற்குள் கையெழுத்தைக் காணோம். அந்த இடம் புதுக் காகிதம்போல வெள்ளையாக இருந்தது. மறுபடி போட்டாள். அதுவும் மறைந்தது. மூன்றாவதாகப் போட்டு, மை காய்வதற்குள் உறையில் ஒட்டித் தபாலில் சேர்த்துவிட்டாள்.

லெதர்பி தொலைபேசியில் சீறினார். "கையெழுத்தே இல்லாம ஒரு நோட்டீஸா? என்னை என்னன்னு நினைச்சீங்க?"

"போட்டேன் சார், சத்தியமா போட்டேன்!"

"எதால போட்டீங்க, தண்ணியாலயா? இது செல்லாது. முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

அடுத்து பாதிரியார் கிளைவ் வந்தார். தேநீர் குடித்தார், கேக் சாப்பிட்டார், ஜெபம் சொல்லி அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். குளியலறைக்குள் போனதும் அவர் கையிலிருந்த கிண்ணத்துத் தண்ணீர் உறைந்து கட்டியானது. வெந்நீர்க் குழாயைத் திறக்காமலேயே கண்ணாடியில் ஆவி படர்ந்தது. அதில் ஒவ்வோர் எழுத்தாக, நிதானமாக, அழகான பழங்காலக் கையெழுத்தில் வந்து நின்றது: தயவுசெய்து வேண்டாம்.

"பாத்தீங்களா ஃபாதர்? மிரட்டுறதுலயும் என்ன மரியாதை!"

"நம்ம இங்கிலீஷ்காரர்தான், சந்தேகமே இல்லை," என்ற பாதிரியார், குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் மழையில் இறங்கி ஓடினார்.

அதன்பிறகு அவளால் நிம்மதியாக வாசற்படி தாண்ட முடியவில்லை. வக்கீலைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பின்னாலிருந்து கோட்டின் நுனியை எதுவோ பிடித்தது. தள்ளவில்லை, அடிக்கவில்லை. சில்லென்ற விரல்கள் சும்மா பிடித்துக்கொண்டன. ஒரு நாள் பட்டப்பகலில் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கோட்டுத் துணியில் மட்டும் ஐந்து விரல்களின் மடிப்பு விழுந்திருந்தது. பயம் முற்றியதும் அவளுக்கு வழக்கம்போலக் கோபம் வந்தது.

"நீயா நானான்னு பாத்துடறேன்!" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினாள். கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டையோடு நேராக லெதர்பியின் அலுவலகத்துக்கே போனாள்.

"இங்கயே, உங்க கண்ணு முன்னாலயே கையெழுத்துப் போடறேன் சார்."

லெதர்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டப்படி தொண்ணூறு வருஷம் கூட்டித் தரணும். இன்னும் கொஞ்சம் மேல போட்டீங்கன்னா, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷமாவே எழுதித் தந்துடுவேன். நிறைய பேர் அப்படித்தான் வாங்குறாங்க."

"அதுக்கு மேல இல்லையா?"

"அதுக்கு மேல யாரும் கேட்டதில்லைம்மா."

சேமிப்பு கரைந்தது. அக்கா விட்டுப்போன கேரவன் வண்டியும் போனது. ஆனால் பதிவு முடிந்த அன்று கிளெனிஸ் ராணி மாதிரி படியேறி வந்து, முன்னறையின் நடுவில் நின்றாள்.

"காது இருந்தா கேட்டுக்கோ! தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருஷம்! இனிமே என்னை இங்கேர்ந்து எவனும் கிளப்ப முடியாது!"

புகையிலை வாசனை சட்டென்று நின்றது. கடல் சத்தம்கூட அடங்கியதுபோல இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்த அந்த நொடியில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. ஒரு வயதான ஆண் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுகிற சத்தம்.

வாழ்த்துச் சொல்லக் கேக்கோடு மேலே வந்த டாப்ஸ்காட் அம்மாள் வாசலிலேயே நின்று காதுகொடுத்தாள்.

"எத்தனை வருஷத்துக்குப் போட்டே கிளெனிஸ்?"

கிளெனிஸ் சொன்னாள். டாப்ஸ்காட் அம்மாள் கேக்கைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, குத்தகை தீர்ற அன்னிக்குத்தானே இந்தப் பேய்ங்களுக்கு விடுதலை, என் வீட்டுல இருந்த பேய் போன வருஷம் தொப்பியை மாட்டிக்கிட்டு எவ்வளவு சந்தோஷமாக் கிளம்பிப் போனார் தெரியுமா!"